பனிக்காலத்தில் முதல் முட்டை: விடைக்கோழியின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

டிசம்பர் 3ஆம் தேதி காலை பத்து மணி இருக்கும். பின்தோட்டத்துப் புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. தண்ணீர்ச் சட்டியின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியை உடைத்துவிட்டுக் கூண்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். வைக்கோலுக்கு நடுவே, தவிட்டு நிறத்தில், கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை. தராசில் வைத்தேன், 43 கிராம். எங்கள் வீட்டுக் கோழிகள் இட்ட முதல் முட்டை அது.

நாங்கள் இருப்பது லண்டனின் தென்கோடியில், கிராய்டன் பக்கம். அக்டோபர் கடைசியில் நான்கு கோழிகள் வாங்கினோம். நான்கும் ஜூலை இரண்டாம் வாரத்தில் குஞ்சாகப் பொரித்தவை. ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே தீனி. அவற்றில் இரண்டு அந்த டிசம்பரிலேயே முட்டையிடத் தொடங்கிவிட்டன. மற்ற இரண்டும் பிப்ரவரி வரை ஒரு முட்டைகூட இடவில்லை. அவற்றுக்கு நோயும் இல்லை, குறையும் இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பனிக்காலத்துக் கோழி வளர்ப்பில் பாதி கற்றுக்கொண்ட மாதிரிதான். புதிதாகக் கோழி வாங்கிய நண்பர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் "ஆறு மாதம் ஆகிவிட்டது, ஏன் இன்னும் முட்டை வரவில்லை?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். இன்னும் முட்டையிடாத, அல்லது இப்போதுதான் இடத் தொடங்கிய இளம் பெட்டையை நம் ஊரில் விடைக்கோழி என்பார்கள். பேச்சில் வெடைக்கோழி. குஞ்சும் இல்லை, தாய்க்கோழியும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் உள்ள பருவம். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை.

விடைக்கோழி எப்போது முட்டையிடும் என்பதை வயது ஓரளவுக்குத்தான் சொல்லும். முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழிகள் 18 முதல் 22 வாரத்துக்குள் தொடங்கிவிடும். இங்கே வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படும் வாரன் வகைப் பழுப்புக் கோழிகள் அப்படிப்பட்டவை. வருடத்துக்கு 300 முட்டை வரை இடக்கூடியவை. பழைய மரபினங்களான சசெக்ஸ், ஓர்பிங்டன், மாரன்ஸ், பிரம்மா போன்றவை அவசரப்படுவதில்லை. 24 வாரம், 28 வாரம், சில சமயம் அதற்கும் மேல். ஓர்பிங்டன் என்ற ஊர் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. வில்லியம் குக் என்பவர் 1886இல் அந்த ஊர்ப் பெயரில் கறுப்பு ஓர்பிங்டன் கோழியை உருவாக்கினார். பஞ்சுப் பொதி போன்ற உடம்பு அதற்கு. அந்த உடம்பு நிறைவதற்கே மாதக்கணக்கில் ஆகும். எங்கள் நான்கில் இரண்டு வாரன், இரண்டு சசெக்ஸ். முதலில் இட்டவை எவை என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இனம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் சசெக்ஸ் இரண்டும் ஜனவரியிலாவது தொடங்கியிருக்க வேண்டும். அவற்றைப் பிப்ரவரி வரை நிறுத்தி வைத்தது வெளிச்சம்.

மண்டையோட்டின் வழியே நுழையும் வெளிச்சம்

கோழி பகலின் நீளத்தை அளக்கிறது, அதுவும் கண்ணால் மட்டுமல்ல. 1930களில் ஜாக் பெனுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வாத்துகளை வைத்துச் செய்த சோதனைகளில், பார்வை இழந்த பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகளும் வெளிச்சத்துக்கு ஏற்ப வளர்வதைக் கண்டார். பறவையின் மண்டையோடு மெல்லியது. வெளிச்சம் அதை ஊடுருவி மூளையின் அடிப்பகுதிக்கே போய்ச் சேர்கிறது. அங்கே ஒளியை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. பகல் போதிய அளவு நீண்டால் அவை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகின்றன. அதிலிருந்து கிளம்பும் ஹார்மோன்கள், மஞ்சள் கரு வளரும் உறுப்பான சூலகத்தில் உறங்கும் கருக்களை எழுப்புகின்றன. கோழி முட்டையிடுவது, நுட்பமாகப் பார்த்தால், வெளிச்சத்துக்கு அதன் உடல் தரும் பதில்.

அந்தப் பதிலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் கோழி முழு வேகத்தில் இடும். 12 மணி நேரத்துக்குக் கீழே போகும்போது வேகம் தளரும். 10க்கும் கீழே இறங்கினால் பல கோழிகள் அடியோடு நிறுத்திவிடும். அளவு ஒரு பக்கம் இருக்க, பகல் நீண்டுகொண்டு போகிறதா, சுருங்கிக்கொண்டு போகிறதா என்பதும் விடைக்கோழிக்கு மிக முக்கியம். நீளும் பகல் அதைப் பருவத்துக்கு இழுக்கும், சுருங்கும் பகல் பிடித்து நிறுத்தும்.

இப்போது லண்டனின் கணக்கைப் பாருங்கள். ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பர் 21 வாக்கில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது; நான்கு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். எங்கள் சசெக்ஸ் கோழிகள் ஜூலையில் பொரித்தன. பிறந்த நாள் முதல் அவை கண்டதெல்லாம் சுருங்கும் பகல்தான். உடம்பு முட்டைக்குத் தயாராகும் வயதை எட்டும்போது வருடத்தின் மிகக் குட்டையான நாட்கள் வந்துவிட்டன. அவற்றின் மூளைக்கு எட்டிய செய்தி ஒன்றே: பொறு. வாரன் கோழிகளுக்கும் அதே செய்திதான் போனது. ஆனால் பல தலைமுறைகளாக முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் அது. அந்தத் தடையை மீறும் அளவுக்கு அதன் உடலின் உந்துதல் வலிது.

மார்ச்சில் பொரித்த கோழிகளாக இருந்தால் கதையே வேறு. அவை வெயில் காலம் முழுக்க வளர்ந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் போதிய வெளிச்சம் இருக்கும்போதே இடத் தொடங்கிவிடும். தொடங்கிய கோழி பனிக்காலத்திலும் குறைந்த வேகத்தில் தொடர்ந்து இடும். பனிக்காலத்தில் முட்டை வேண்டும் என்பவர்கள் இங்கே மார்ச் மாதக் குஞ்சுகளைத் தேடிப் போவது இதனால்தான்.

சிவகங்கைப் பக்கம் நான் வளர்ந்த கிராமத்தில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. அங்கே வருடத்தின் மிகக் குட்டையான பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். மார்கழியிலும் தையிலும் நாட்டுக்கோழி இட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஈடு பத்து, பன்னிரண்டு முட்டை இடும், பிறகு அடைக்குப் படுக்கும். அதன் நாட்காட்டியை நடத்தியது அடைகாக்கும் ஆசை. இங்கே அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது. ஊர் அனுபவத்தோடு இங்கே கோழி வாங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: "ஆறு மாதத்தில் கோழி முட்டையிட வேண்டும்" என்று ஊரில் கற்ற பாடம் இந்த அட்சரேகையில் செல்லுபடியாகாது.

வயதான கோழி ஓய்வெடுக்கும்போது இளசு மட்டும் எப்படி இடுகிறது?

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி மூன்று வருடக் கோழிகள் ஐந்து வைத்திருக்கிறார். அந்த டிசம்பரில் அவருக்கு ஒரு முட்டைகூட இல்லை. அவருடைய கோழிகள் அக்டோபரிலேயே இறகு உதிர்த்து, கழுத்து வெளியே தெரிய, முள்ளம்பன்றி போல நின்றன. ஒரு முட்டைப் பருவத்தை முடித்த கோழி இலையுதிர் காலத்தில் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியதைப் போட்டுக்கொள்ளும். இறகு பெரும்பாலும் புரதம். தின்னும் புரதமெல்லாம் இறகுக்குப் போய்விட்டால் முட்டைக்கு ஏது? இறகு முளைத்து முடிய இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடும். முடிகிற நேரத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். ஆகவே பிப்ரவரி வரை விடுமுறைதான்.

விடைக்கோழிக்கு அந்தச் செலவு இல்லை. வளரும் பருவத்திலேயே படிப்படியாக இறகு மாற்றி முடித்து, முதல் பனிக்காலத்துக்குள் புத்தம் புது இறகோடு நுழைகிறது. சேமித்த சத்து முழுவதும் முட்டைக்கே. கோழியின் வாழ்நாளில் பனிக்காலத்தில் முட்டை எதிர்பார்க்கக்கூடிய வருடம் பெரும்பாலும் இந்த முதல் வருடம்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் அதுவும் பாட்டியின் கோழிகளைப் போல நிற்கும்.

கோழியையே பார்த்துத் தெரிந்துகொள்வது

வாரக்கணக்கை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிடக் கோழியைப் பார்ப்பது மேல். முட்டை வரப்போவதை அது இரண்டு, மூன்று வாரம் முன்பே உடம்பால் சொல்லிவிடும்.

முதல் அடையாளம் கொண்டை. வெளிறிய இளஞ்சிவப்பில், சுருங்கிக் கிடந்த கொண்டை மெல்லப் பெருத்து, இரத்தச் சிவப்பாகும். தாடைக்குக் கீழே தொங்கும் சதையும் அப்படியே. சூலகம் விழித்து ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கியதன் வெளித்தோற்றம் இது. எங்கள் வாரன் கோழிகளுக்கு நவம்பர் நடுவில் கொண்டை சிவந்தது. சசெக்ஸ் கோழிகளின் கொண்டை கிறிஸ்துமஸ் வரை வெளிறியே இருந்தது. அருகருகே நின்றால் யார் எந்த நிலையில் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும்.

இரண்டாவது, பம்மி உட்காருவது. இதுவரை கை நீட்டினால் ஓடிய கோழி, ஒரு நாள் நீங்கள் முதுகுக்கு மேல் கையைக் கொண்டுபோனதும் ஓடாமல் இறக்கையைச் சற்றே விரித்துத் தரையோடு பதுங்கும். சேவலுக்கு இணங்கும் நிலை அது. சேவலே இல்லாத வீட்டில் நம் கையைக் கண்டு அப்படிச் செய்யும். பம்ம ஆரம்பித்தால் அநேகமாக ஒன்றிரண்டு வாரத்துக்குள் முட்டை வந்துவிடும். எல்லா அடையாளங்களிலும் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

மூன்றாவதை என் அப்பத்தாவிடம் கற்றேன். காலையில், கோழிகளைக் கவிழ்த்து மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, பின்பக்கம் விரலை வைத்துப் பார்த்து, "இது இன்றைக்கு இடும், வெளியே விடாதே" என்பார். இட இருக்கும் கோழி பஞ்சாரத்துக்குள்ளேயே இருக்கும், முட்டை வேலியோரம் தொலையாது. விடைக்கோழியிடம் நாம் பார்க்க வேண்டியது இடுப்பு எலும்பு. எச்சத்துளைக்கு இரு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டைக்கு நாளிருக்கும் கோழிக்கு அவற்றின் நடுவே ஒரு விரல்தான் நுழையும். இரண்டு, மூன்று விரல் அகலம் விரிந்துவிட்டால் வழி திறந்துவிட்டது என்று பொருள். அழுத்தாமல், மென்மையாக, கோழியைக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

கடைசி நாட்களில் கோழி நிலைகொள்ளாது. மூலை மூலையாக நுழையும், வைக்கோலைக் கிளறும், கேறிக்கொண்டே அலையும். முட்டைப் பெட்டியில் ஒரு மர முட்டையையோ ரப்பர் முட்டையையோ வைத்துவிடுங்கள். "இங்கேதான் இட வேண்டும்" என்பதை அது கற்றுக்கொடுக்கும். நான்கு கோழிக்கு ஒரு பெட்டி போதும். கோழி தூங்கும் கம்பைவிடப் பெட்டி தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் இரவில் பெட்டியிலேயே அடைந்து அசுத்தமாக்கிவிடும்.

ஓடு உருவாகும் இரவு

ஒரு முட்டை உருவாவதை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால், தீனி பற்றிய ஆலோசனைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

மஞ்சள் கரு ஒரு வாரம், பத்து நாள் வேகமாகப் பெருத்து முதிர்கிறது. முதிர்ந்ததும் சூலகத்திலிருந்து கழன்று முட்டைக்குழாயில் விழுகிறது. அங்கே சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சேர்கிறது, அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மெல்லிய சவ்வுகள். பிறகு ஓடு. ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம். மொத்தம் 25, 26 மணி நேரம். ஒரு நாளுக்குள் முடியாத வேலை என்பதால் கோழி இன்று காலை எட்டுக்கு இட்டால் நாளை ஒன்பது, பத்து என்று தள்ளிப்போய், ஒரு நாள் இடாமல் விட்டு, மறுபடி காலையில் தொடங்கும்.

ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். அந்த நேரத்தில் கோழி கம்பின் மேல் தூங்குகிறது, தீனி இல்லை. டிசம்பர் லண்டனில் அந்த இரவு பதினாறு மணி நேரம். அவ்வளவு கால்சியமும் எங்கிருந்து வரும்?

இதற்கென்றே கோழியின் உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும், கால் எலும்புகளின் உட்குழிவில் புதிதாக ஒரு வகை எலும்பு வளர்கிறது. உடம்பைத் தாங்க அது பயன்படாது; கால்சியத்தைச் சேமிக்கும் களஞ்சியம் மட்டுமே. இரவில் ஓடு கட்டும்போது அதிலிருந்து எடுத்து, பகலில் தீனியிலிருந்து திருப்பி நிரப்பிக்கொள்ளும். இதைப் படித்த பிறகு எனக்குக் கோழியின் மேல் இருந்த மரியாதையே பெரிதாகிவிட்டது. தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்கிற உயிர் அது. அதற்கு வேண்டியதைப் போடுவது நம் கடமை.

ஆகவே தீனி இப்படி. 16 வாரம் வரை வளரும் கோழிக்கான தீனி; அதில் கால்சியம் ஒரு சதவீத அளவில் இருக்கும். 16, 18 வாரத்துக்கு மேல், கொண்டை சிவக்கத் தொடங்கும் நேரத்தில், முட்டைக்கோழித் தீனிக்கு மாற வேண்டும். அதில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம், புரதம் 16 சதவீதம் இருக்கும். சீக்கிரம் முட்டை வரட்டும் என்று மிக இளம் கோழிக்கு முட்டைத் தீனி போடாதீர்கள். ஓடு கட்டாத உடம்பில் அத்தனை கால்சியம் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். நம் இரண்டு சசெக்ஸைப் போல, ஒரே கூண்டில் வெவ்வேறு வேகத்தில் வளரும் கோழிகள் இருந்தால் கிளிஞ்சல் துண்டுகளைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்தும், தேவையில்லாதது திரும்பிப் பார்க்காது. நைந்த தூளைவிடச் சற்றே பெரிய துண்டுகள் நல்லது. அவை வயிற்றின் அரைக்கும் பகுதியில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். ஓடு கட்டும் நேரத்துக்கு அப்படியே பொருந்திவரும். தீனியை அரைக்க உதவும் சிறு கற்களை வேறொரு சட்டியில் வைக்க வேண்டும். கிளிஞ்சலும் கல்லும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

ஒரு கோழி நாளைக்குச் சுமார் 120 கிராம் தீனி தின்னும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். மாலை மூன்று மணி அளவில், அடையப் போகுமுன், ஒரு கோழிக்கு ஒரு சிறு பிடி கோதுமையும் உடைத்த மக்காச்சோளமும் போடுகிறேன். தீனிப்பை நிறைந்து போய் உட்கார்ந்தால் நீண்ட இரவில் உடம்புச் சூடு காக்க உதவும். அதையே காலையில் போட்டால் ருசிக்கு அதைத் தின்றுவிட்டுச் சத்துத் தீனியை ஒதுக்கிவிடும்.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. மீந்த சோற்றையும் இட்லியையும் கோழிக்குப் போடுவது நமக்குப் பழக்கம். இங்கே அது சட்டப்படி குற்றம். 2001ஆம் ஆண்டின் கோமாரி நோய்க்குப் பிறகு, சமையலறையைத் தாண்டி வந்த எந்த உணவையும், காய்கறித் தோலைக்கூட, கோழிக்குப் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. பாலும் முட்டையும்கூட நுழையாத முழுத் தாவர உணவு வீடுகளுக்கு மட்டுமே விலக்கு. தோட்டத்தில் பறித்து, வீட்டுக்குள் கொண்டுபோகாமல், நேரே கோழிக்குப் போடும் கீரைக்குத் தடையில்லை. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் பரவும் பனிக்காலங்களில் கோழிகளை மூடிய இடத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லி உத்தரவு வருவதுண்டு. 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுவதும் அப்படித்தான் இருந்தது. வெளியே அலைந்த கோழியைத் திடீரென்று அடைத்தால் சில வாரம் முட்டை குறையும். கோழி நடமாட, கூரையும் வலையும் போட்ட அகலமான அடைப்பு முன்கூட்டியே இருந்தால் அந்த அதிர்ச்சி இருக்காது.

குளிரைவிட ஈரமே பகை

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். மேலே இறகுப் போர்வை. லண்டன் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் மனம் கேட்காமல் கூண்டின் காற்றுத் துளைகளை அடைத்துவிடத் தோன்றுகிறது. தயவுசெய்து அடைக்காதீர்கள். மூச்சும் எச்சமும் சேர்ந்து கூண்டுக்குள் ஈரம் தேங்கும், அமோனியா நெடி ஏறும். மூச்சு நோயும், கொண்டை நுனி பனியில் கருகுவதும் பெரும்பாலும் அந்த ஈரத்தால் வருபவை. கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே காற்று போக வழி, தரையில் உலர்ந்த படுக்கை, விரல்களை இறகு மூடிக்கொள்ளும் அளவுக்கு அகலமான கம்பு. இவை இருந்தால் போதும். வெப்ப விளக்கைத் தொங்கவிட வேண்டாம். வைக்கோலும் தூசியும் நிறைந்த மரக்கூண்டில் அது தீ வைப்பதற்குச் சமம்.

தண்ணீர்தான் பனிக்காலத்தின் உண்மையான வேலை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு காலைப்பொழுது சட்டி உறைந்து கிடந்தால் அடுத்த நாள் முட்டைப் பெட்டி வெறிச்சோடும். உறைபனி நாட்களில் காலையும் மதியமும் வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றுகிறேன்.

செயற்கை வெளிச்சம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும், நேரம் பார்த்து எரியவிடும் கருவியும் இருந்தால் பகலை 14 மணி நேரமாக நீட்டலாம், கோழி இடும். செய்வதென்றால் விடியலுக்கு முன் எரியவிடுங்கள். மாலையில் எரிந்து சட்டென்று அணைந்தால் கோழி கம்பேற வழி தெரியாமல் இருட்டில் தவிக்கும். 18 வாரம் முடியாத கோழிக்கு வேண்டவே வேண்டாம். உடம்பு நிறையுமுன் முட்டை வந்தால் முட்டைக்குழாய் வெளியே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. விளக்கு வைத்தால் கோழியின் முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்ற பேச்சு உண்மையில்லை; பிறக்கும்போதே ஆயிரக்கணக்கான கருக்களோடுதான் அது பிறக்கிறது, எந்தக் கோழியும் அவற்றை இட்டு முடித்ததில்லை. ஆனாலும் நான் விளக்கு வைக்கவில்லை. நான்கு கோழி வளர்க்கும் வீட்டில் இரண்டு மாதம் முட்டை குறைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பொறு என்று உடம்பு சொல்லும்போது பொறுத்திருக்கும் உரிமை அந்தப் பறவைக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் முட்டைகளின் விந்தைகள்

தொடக்கத்தில் வரும் முட்டைகளைக் கண்டு மிரள வேண்டாம். 35 கிராம், 45 கிராம் என்று சின்னதாகத்தான் இருக்கும். சில வாரத்தில் பெருக்கும். மஞ்சள் கருவே இல்லாத கோலி அளவு முட்டை வரலாம், இரட்டைக் கருவோடு பெரிய முட்டை வரலாம், ஓடே இல்லாமல் தோல்முட்டை வரலாம். உறுப்புகள் இன்னும் ஒரு தாளத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஓட்டின் மேல் மெல்லிய இரத்தக் கோடு ஒன்றிரண்டு முறை இருந்தாலும் கவலையில்லை. தோல்முட்டை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மட்டும் கிளிஞ்சல் சட்டியையும் தீனியையும் சோதியுங்கள். கூண்டுக்குள் தோல்முட்டை உடைந்து கிடந்தால் உடனே துடைத்தெடுங்கள். ருசி கண்ட கோழி முட்டை தின்னப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருக்கிறது, முட்டை வரவில்லை, தீனியும் தொடவில்லை என்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பாகம் நனைய இருபது நிமிடம் உட்காரவைத்து, சூடான இருட்டறையில் தனியே விடுங்கள். சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். விரலை விட்டு எடுக்க முயலாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. பின்பக்கம் சிவந்த சதை வெளியே தெரிந்தாலும் மற்ற கோழிகள் கொத்துமுன் பிரித்து வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கடும் உறைபனி நாளில் முட்டையைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். உள்ளே உறைந்தால் விரிந்து ஓடு கீறும். கீறிய முட்டையைச் சாப்பிட வேண்டாம்.

டிசம்பர் 21 கடந்ததும் பகல் திரும்பத் தொடங்குகிறது. ஜனவரி கடைசிக்குள் லண்டனில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடிவிடும், பிப்ரவரி நடுவில் பகல் பத்து மணி நேரம். பிறந்தது முதல் சுருங்கும் பகலையே கண்ட கோழிக்கு நீளும் பகல் அப்போதுதான் முதல் அனுபவம். ஜனவரி மூன்றாம் வாரத்தில் எங்கள் சசெக்ஸ் கோழிகளின் கொண்டை நிறம் மாறியது. மாதக் கடைசியில் ஒன்று என் கையைக் கண்டு பம்மியது. பிப்ரவரி 11 அன்று, மர முட்டைக்குப் பக்கத்தில், வெளிர் பாலேட்டு நிறத்தில் ஒரு முட்டை, 41 கிராம். இட்ட கோழி கூண்டுக்கு வெளியே வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தது. மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன.